காமிராவுக்கு அளவு கற்பித்தல்

மேல்நிலை முதலாம் ஆண்டு, அறிவியல் பிரிவு மாணவியர்



வெர்னியர் அளவுகோலை நாம் எல்லாரும் ஆய்வுக்கூடத்தில் கையாண்டிருக்கிறோம். அதன் இரு தாடைகளும் ஒன்றையொன்று தொடும்போது சுழிக்கோடுகள் பொருந்தவில்லை என்றால், முதலில் சுழிப்பிழையைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே பொருளை அளக்கத் தொடங்குகிறோம். திண்டிவனம், விழுப்புரம் கமிட்டிகளில் மல்லாட்டை மூட்டை எடை போடும் தராசைப் பார்த்தவர்களும் நம்மில் பலர் உண்டு. அத்தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று விவரமுள்ள விவசாயி முதலில் பார்ப்பார். கருவி தன்னை அளந்து காட்டிய பிறகுதான் பிறவற்றை அளக்கும் உரிமையைப் பெறுகிறது. இவ்வாறு கருவியைச் சரிபார்த்துத் திருத்துவதையே அளவுத் திருத்தம் என்கிறோம்.

ஆனால் காமிரா என்றவுடன் இந்த எச்சரிக்கையை நாம் மறந்துவிடுகிறோம். “படத்திலேயே தெரிகிறதே!” என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லி நாங்கள் ஒரு தவறு செய்தோம். அத்தவறு ஒரு தங்கையின் மனத்தை வருத்தியது. அதை மறைக்காமல் எழுதுவதும், காமிராவைக் கொண்டு அசைவை அளப்பது எப்படி என்று விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரையும் கோடுகளும்

அசைவைப் படம் பிடித்து அளக்கும் ஆவல் புதியதன்று. 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். ஓடுபாதையின் ஓரமாக 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை கடக்கக் கடக்க ஒவ்வொன்றும் ஒரு படம் எடுக்கும்படி செய்தார். பாய்ச்சலின் நடுவில் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்பதை அப்படங்கள் காட்டின.

இக்கதை பலரும் கேட்டதே. ஆனால் அப்படங்களின் பின்னணியைப் பலர் கவனிப்பதில்லை. ஓடுபாதைக்கு அப்பால் செங்குத்துக் கோடுகள் 27 அங்குல இடைவெளியிலும், படுக்கைக் கோடுகள் 4 அங்குல உயரத்துக்கு ஒன்றாகவும் இருந்தன. அக்கோடுகள் இல்லையென்றால் அவை வெறும் அழகிய படங்கள். கோடுகள் இருந்ததால் அவை அளவீடுகள். தெரிந்த நீளம் ஒன்றைப் படத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பதே இத்துறையின் முதற் பாடம்.

எங்கள் திட்டம்

விழுப்புரத்திலுள்ள எங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்தில், ஓடும் மாணவியின் காலடி நீளத்தைக் காமிராவால் அளப்பது என்று முடிவு செய்தோம். பள்ளியின் பழைய மாணவியும், இப்போது பொறியியல் பயில்பவருமான ஓர் அக்கா எங்களுக்கு வழி காட்டினார். கருவிகள் எளியவை. ஒரு கைபேசி, அதைத் தாங்கும் முக்காலி ஸ்டாண்டு, ஒரு மடிக்கணினி, இரண்டு ஆரஞ்சு நிற டேபிள் டென்னிஸ் பந்துகள், இவ்வளவே. நிரல் எழுத ஓப்பன்சிவி என்னும் தொகுப்பைப் பயன்படுத்தினோம். இன்டெல் நிறுவனத்தில் 1999-இல் தொடங்கப்பட்ட இத்தொகுப்பை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம்.

ஓடுபவளின் இரு காலணிகளின் குதிகாலிலும் ஒவ்வொரு பந்தை ஒட்டிவிடுவோம். கைபேசி நொடிக்கு 120 படங்கள் வீதம் எடுக்கும். ஒவ்வொரு படத்திலும் ஆரஞ்சு நிறத்தைத் தேடி, பந்தின் மையம் எந்தப் படப்புள்ளியில் இருக்கிறது என்று கணினி குறிக்கும். பந்து தரையோடு நின்றுவிடும் சில படங்கள் வரும். அதுவே பாதம் ஊன்றிய இடம். அடுத்தடுத்த இரு ஊன்றல்களுக்கு இடையிலுள்ள தொலைவே காலடி நீளம்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. கணினி நமக்குத் தருவது படப்புள்ளிகளின் எண்ணிக்கை. நமக்கு வேண்டியதோ சென்டிமீட்டர். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு மூன்று திருத்தங்கள் தேவை: லென்சின் திருத்தம், இடத்தின் திருத்தம், காலத்தின் திருத்தம்.

லென்சின் திருத்தம்

உங்கள் வீட்டுக் கைபேசியால் வகுப்பறைச் சுவரை மிக அருகில் நின்று படம் எடுத்துப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் சுவரின் நேர்விளிம்பு சற்றே வெளிப்புறம் புடைத்து, பீப்பாயின் பக்கம் போலத் தோன்றக்கூடும். சுவர் வளையவில்லை, லென்சு வளைத்துக் காட்டுகிறது. இப்புடைப்பு படத்தின் நடுவில் மிகக் குறைவு. ஓரங்களுக்குச் செல்லச் செல்ல அதிகம். சில கைபேசிகள் இதைத் தாமே ஓரளவு திருத்திவிடுகின்றன. எனினும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை நாமே பார்த்தாக வேண்டும்.

இதற்கு இன்று பெரிதும் பயன்படும் எளிய முறையை ஜெங்யூ ஜாங் என்னும் ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு வேண்டியது சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தட்டையான தாள் மட்டுமே. அதை நேராகவும், சாய்த்தும், அருகிலும், தொலைவிலும், படத்தின் நான்கு மூலைகளிலும் பிடித்து 15 அல்லது 20 படங்கள் எடுக்க வேண்டும். கட்டங்கள் சந்திக்கும் மூலைகள் யாவும் சம இடைவெளியில் ஒரே தளத்தில் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். லென்சின் குவியத் தொலைவு இவ்வளவு, மையம் இங்கே, புடைப்பு இவ்வளவு என்று கணினி ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு, அதன்படி மூலைகள் படத்தில் எங்கே விழவேண்டும் எனக் கணக்கிடும். உண்மையில் அவை விழுந்துள்ள இடத்தோடு ஒப்பிடும். வேறுபாடு மிகக் குறையும் வரை மதிப்புகளைத் திருத்திக்கொண்டே போகும். இறுதியில் மிஞ்சும் சராசரி வேறுபாட்டை எஞ்சிய பிழை என்போம்.

“வாசலில் போடும் புள்ளிக் கோலத்தையே வைத்துச் செய்யலாமே?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான்; சம இடைவெளிப் புள்ளிகளால் ஆன பலகைகளும் இவ்வேலைக்கு உண்டு. ஆனால் கையால் வைக்கும் புள்ளி அரை விரல் அகலம் விலகினாலும் கோலம் அழகாகவே இருக்கும். அளவுத் திருத்தமோ கெட்டுவிடும். எனவே அச்சிட்ட கட்டங்களையே கொண்டோம்.

அச்சிட்ட தாளை முதலில் ஓர் அட்டையில் ஒட்டினோம். அது ஐப்பசி மாதம். மழை ஈரத்தில் அட்டை மெல்ல வளைந்துவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. எஞ்சிய பிழை 1.8 படப்புள்ளிகளுக்குக் கீழே இறங்க மறுத்தது. பின்னர் அதே தாளை ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் படம் எடுத்தோம். பிழை 0.4-ஆகக் குறைந்தது. தட்டையானது என்று நாம் நம்பியது உண்மையிலேயே தட்டையாக இருக்க வேண்டும் என்று அன்று அறிந்தோம்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. எந்த அமைப்பில் ஓட்டத்தைப் படம் பிடிக்கப் போகிறோமோ, அதே அமைப்பிலேயே கட்டங்களையும் படம் பிடிக்க வேண்டும். பெரிதாக்கிக் காட்டும் வசதியைத் தொட்டால் குவியத் தொலைவே மாறிவிடும். கைபேசி தானாகக் குவியத்தை மாற்றுவதையும், குலுக்கலை நீக்குவதற்காகப் படத்தை நகர்த்துவதையும் நிறுத்தி வைப்பது அவசியம்.

விழுப்புரத்தில் எடுத்த அளவு

அடுத்தது இடத்தின் திருத்தம். எங்கள் விளையாட்டுத் திடலில் ஓடுபாதையிலிருந்து சரியாக 5 மீட்டர் தொலைவில், பாதைக்கு நேர்செங்குத்தாக நோக்கும்படி கைபேசியை நிறுத்தினோம். பாதையின்மேல் ஒரு மீட்டர் கோலை வைத்துப் படம் எடுத்தோம். அது 300 படப்புள்ளிகள் நீளம் இருந்தது. எனவே மூன்று படப்புள்ளிகளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டோம். கோலைப் பாதையின் வலப்பக்கம் வைத்தாலும் இடப்பக்கம் வைத்தாலும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

காலத்தையும் சோதித்தோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புக் குண்டு ஒன்றைக் கீழே விட்டால், அது தரையைத் தொட 0.45 நொடி ஆகும் என்பது நாம் பாடத்தில் படித்த சமன்பாட்டின்படி கிடைப்பது. நொடிக்கு 120 படங்கள் என்றால் 54 படங்கள் வரவேண்டும். எண்ணிப் பார்த்தோம், 54 வந்தது. கைபேசி சொன்ன வேகம் உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டோம்.

திண்டிவனத்தில் நடந்தது

ஒரு சனிக்கிழமை காலை, கருவிகளைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பாசஞ்சர் இரயிலில் புறப்பட்டோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்களைக் கடந்து திண்டிவனத்தில் இறங்கி, அங்குள்ள எங்கள் சகோதரிப் பள்ளிக்குச் சென்றோம். குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவியரை அளந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தோம்.

அவர்களுடைய ஓடுபாதைக்கு நேரெதிரில் நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. ஆகவே ஸ்டாண்டை மூன்று அடி பக்கவாட்டில் தள்ளி வைத்து, கைபேசியைப் பாதையின் நடுப்புள்ளியை நோக்கித் திருப்பினோம். டேப்பால் அளந்து பார்த்தோம். நடுப்புள்ளிக்கு 5 மீட்டர் சரியாக இருந்தது. “தூரம் அதேதான், கைபேசியும் அதேதான்; விழுப்புரத்து அளவே போதும்” என்று முடிவு செய்துவிட்டோம். மீட்டர் கோலைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஓடினாள். அவள் நன்றாக ஓடுபவள். ஒரே குறியிலிருந்து ஒரே காலை முன்வைத்துப் புறப்படுவது அவள் பழக்கம். ஐந்து முறை ஓடச் செய்தோம். ஐந்து முறையும் இடக்காலடி 110 சென்டிமீட்டர் அளவிலும், வலக்காலடி 102 சென்டிமீட்டர் அளவிலும் வந்தன.

“உன் வலக்கால் எட்டு சென்டிமீட்டர் குறைவாக விழுகிறது” என்று அவள் தோழியர் முன்னிலையிலேயே சொன்னோம். கணினித் திரையையும் திருப்பிக் காட்டினோம்.

அவள் முகம் வாடியது. “அக்கா, ஆறாவது படிக்கும்போது அந்தக் கால்தான் உடைஞ்சது. சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்களே...” என்றாள். நாங்கள் என்ன சொல்வது என்று தெரியாமல், “கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது” என்றோம். அந்த ஒரு வாக்கியத்தை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறோம்.

அடுத்த வாரம் அப்பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை எங்கள் இயற்பியல் ஆசிரியைக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தத் தங்கை போட்டியிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டாள் என்ற செய்தி வந்தது.

எங்கள் ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். “அவளை எதிர்த்திசையில் ஓடவிட்டுப் பார்த்தீர்களா?”

குறை எங்கே இருந்தது?

தோழியரே, இக்கேள்வியின் ஆழத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். குறை அவள் காலில் இருக்குமானால், எந்தத் திசையில் ஓடினாலும் வலக்காலடியே குறைய வேண்டும். குறை எங்கள் அளவில் இருக்குமானால், அது காலோடு போகாது, இடத்தோடு நிற்கும்.

மறுபடியும் திண்டிவனம் சென்றோம். அந்தத் தங்கை ஓடச் சம்மதிக்கவே வெகுநேரம் ஆயிற்று. வேண்டுமென்றே அனைத்தையும் முன்போலவே அமைத்து, அவளை எதிர்முனையிலிருந்து ஓடச் செய்தோம். இப்போது வலக்காலடி 110, இடக்காலடி 102 என்று வந்தன! குறைந்த காலடி மரத்துக்கு அப்புறமுள்ள பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் கால் குற்றமற்றது.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து மீட்டர் தொலைவில் மூன்று அடி விலகி நின்றால், நோக்கும் திசை செங்குத்திலிருந்து சுமார் 10 பாகை சாய்ந்துவிடுகிறது. அப்போது ஓடுபாதையின் ஒரு முனை காமிராவுக்கு நெருங்கியும், மறுமுனை விலகியும் போகிறது. நடுவிலிருந்து 108 சென்டிமீட்டர் தள்ளியுள்ள இரு புள்ளிகளில் ஒன்று 4.81 மீட்டர் ஆழத்திலும், மற்றது 5.19 மீட்டர் ஆழத்திலும் இருக்கும். பிம்பத்தின் அளவு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், உண்மையில் 108 சென்டிமீட்டர் நீளமுள்ள காலடி, அருகிலுள்ள பாதியில் 110-க்குச் சற்று மேலும், தொலைவிலுள்ள பாதியில் 102-க்குச் சற்று மேலும் காட்டும். எங்களுக்குக் கிடைத்த எண்களும் அவையே. வெறும் பத்துப் பாகை! கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

எஞ்சிய பிழை 0.4 படப்புள்ளி என்று பெருமைப்பட்டோமே, அது எங்களை ஏன் காப்பாற்றவில்லை? அந்த எண் லென்சைப் பற்றி மட்டுமே பேசுகிறது. லென்சின் திருத்தம் கைபேசியோடு இரயிலில் பயணம் செய்யும். அமைப்பை மாற்றாதவரை விழுப்புரத்தில் கண்டது திண்டிவனத்திலும் செல்லும். இடத்தின் திருத்தமோ இடத்துக்கே உரியது. ஸ்டாண்டை எடுத்த கணத்திலேயே அது செல்லாததாகிவிடுகிறது. அந்த இரண்டையும் ஒன்றென எண்ணியதே எங்கள் தவறு.

சரியான முறை

அன்று பிற்பகல் முறையாகச் செய்தோம். ஓடுபாதையின்மேல் 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளைச் சுண்ணாம்புத் தூளால் குறித்தோம். மூலைகள் செங்கோணமாக உள்ளனவா என்பதை அறிய இரு மூலைவிட்டங்களையும் அளந்தோம். பிதாகரஸ் தேற்றத்தின்படி ஒவ்வொன்றும் 316.2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

செவ்வகத்தைச் சாய்வாகப் படம் எடுத்தால் அது ஒழுங்கற்ற நாற்கரமாகத் தெரியும். அந்த நாற்கரத்தின் நான்கு மூலைகளும் உண்மையில் இன்ன இடத்தில் உள்ளன என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், அத்தரையிலுள்ள வேறு எந்தப் புள்ளியையும் அது உரிய இடத்துக்கு மாற்றித் தந்துவிடும். பாதம் ஊன்றும் இடம் தரையில் இருப்பதால் எங்கள் தேவைக்கு இதுவே போதுமானது. மரம் நின்ற இடத்தில் நிற்கட்டும். காமிரா சாய்ந்தே இருக்கட்டும். சாய்வு எவ்வளவு என்பதை நாம் அறிந்துவிட்டோமே!

இதன் பிறகு, திருத்தத்துக்குப் பயன்படுத்தாத வேறொரு பொருளைக் கொண்டு சோதிக்க வேண்டும். மீட்டர் கோலைச் செவ்வகத்துக்குள் ஐந்து வெவ்வேறு இடங்களில் வைத்து அளந்தோம். ஐந்திலும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான வேறுபாடே வந்தது. அதன் பின்னரே அந்தத் தங்கையை ஓடச் சொன்னோம். வலக்காலடி 107, இடக்காலடி 108. எங்கள் கருவியின் பிழை எல்லைக்குள் இரண்டும் சமம் என்றே கூற வேண்டும். அவ்வாறே கூறினோம், எந்தத் தோழியர் முன்னிலையில் குறை சொன்னோமோ, அவர்கள் முன்னிலையிலேயே கூறி, மன்னிப்பும் கேட்டோம்.

அளவுகோலுக்கு அளவுகோல்

இன்னும் ஒரு செய்தி உண்டு. சுண்ணாம்புக் குறிகளை முதலில் விளையாட்டு அறையிலிருந்த பழைய துணி டேப்பால்தான் அளந்தோம். பலரும் பல ஆண்டுகள் இழுத்து இழுத்து அது நீண்டுபோயிருந்தது. அது 3 மீட்டர் என்று காட்டிய இடத்தை ஸ்டீல் டேப்பால் அளந்தபோது 3 மீட்டர் 4 சென்டிமீட்டர் இருந்தது. குறிகளை அழித்துவிட்டு மீண்டும் வைத்தோம்.

இத்தொல்லை பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான். 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? ஆகவே சங்கிலியின் பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, நீட்சியைக் கணக்கிட்டுத் திருத்தினார். அந்த ஒரு கோட்டின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தொடுத்துத் தென்னாடு அளக்கப்பட்டது. அடிக்கோட்டில் ஓர் அடி பிழைத்தால் அப்பிழை எல்லா முக்கோணங்களிலும் ஏறிவிடும்.

அவருடைய கோணமானி சுமார் அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சையில் அதைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. லாம்டன் ஆறு வாரங்கள் செலவிட்டுத் தம் கையாலேயே அதைச் சீர்படுத்திய பின்னரே மீண்டும் அளக்கத் தொடங்கினார். ஸ்டாண்டு சற்று அசைந்தாலும் “பரவாயில்லை” என்று தொடர்ந்த நாங்கள் இதைப் படித்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நம் கையிலுள்ள ஸ்டீல் டேப்புக்கும் மேலே ஓர் அளவுகோல் உண்டு. 1983 முதல், ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே ஒரு மீட்டர் என உலக நாடுகள் வரையறுத்துள்ளன. இந்தியாவில் அதற்குரிய தரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணி வருகிறது.

இரண்டு கண்கள் எதற்கு?

தரையில் ஊன்றும் பாதத்துக்கு ஒரு காமிரா போதும். காற்றில் மடங்கும் முழங்காலை அளக்க அது போதாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். ஆழம் தெரியாமல் தவிப்பீர்கள். இரண்டு காமிராக்கள் இரு திசைகளிலிருந்து ஒரே புள்ளியை நோக்கினால், லாம்டனின் முக்கோணம் அங்கே உருவாகிவிடுகிறது. காமிராக்களுக்கு இடையிலுள்ள தொலைவே அடிக்கோடு.

2014-இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ திரைப்படத்தில் நடிகர்களின் அசைவுகளை இம்முறையில் பல காமிராக்களால் பதிவு செய்து, கணினி உருவங்களுக்குக் கொடுத்தனர். இத்தகைய கூடங்களில் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், தெரிந்த இடைவெளியில் குறிகள் பதித்த ஒரு கோலை அறை முழுவதும் வீசி அசைத்துக் காட்டுவது வழக்கம். எல்லாக் காமிராக்களும் அதைப் பார்த்து, தாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஒன்றையொன்று ஒப்பிட்டு அறிந்துகொள்ளும். தரையில் வைக்கும் செங்கோணச் சட்டம் ஒன்று, சுழிப்புள்ளி எது, கிடைமட்டம் எது என்பதைக் கற்பிக்கும்.

கிரிக்கெட்டில் பந்தின் பாதையைக் காட்டும் ஹாக்-ஐ என்னும் அமைப்பும் இவ்வகையே. 2001-இல் தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பயன்பட்டது. நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் முறை 2008-இல் இந்தியா-இலங்கை டெஸ்ட் தொடரில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பந்து ஸ்டம்பின் ஓரத்தைச் சிறிதளவே தொடும் என்று கருவி காட்டினால், களத்து நடுவரின் தீர்ப்பே நிற்கும். இரசிகர்கள் இதைக் கண்டு சலித்துக்கொள்வர். உண்மையில் அது கருவியின் நாணயம். “இதற்கு மேல் நான் உறுதி கூற இயலாது” என்று சொல்லத் தெரிந்த கருவியையே நம்பலாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. கைபேசியை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்துங்கள். பெரிதாக்கும் வசதியைத் தொடாதீர்கள்.

2. கட்டத்தாளைக் கண்ணாடியில் ஒட்டி, படத்தின் எல்லா மூலைகளிலும் காட்டி லென்சைத் திருத்துங்கள்.

3. அளக்கும் இடத்திலேயே செவ்வகம் குறித்து, மூலைவிட்டங்களைச் சரிபாருங்கள். ஸ்டாண்டு அசைந்தால் மீண்டும் செய்யுங்கள்.

4. குண்டை விழவிட்டுப் படங்களை எண்ணிக் காலத்தைச் சோதியுங்கள்.

5. திருத்தத்துக்குப் பயன்படாத ஒரு கோலைப் பல இடங்களில் வைத்து அளந்து, உங்கள் பிழையின் எல்லையை எழுதி வையுங்கள்.

6. ஒருவரிடம் குறை கண்டதாகத் தோன்றினால், திசையை மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். அதன் பின்னரே வாய் திறவுங்கள்.

ஒரு பயிற்சிக் கணக்கு: 5 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் கோல் 300 படப்புள்ளிகள் காட்டுகிறது. அதே காமிராவுக்கு நேரெதிரே 6 மீட்டர் தொலைவில் அதே கோல் எத்தனை படப்புள்ளிகள் காட்டும்? விடை 250 என்று வந்தால், திண்டிவனத்தில் நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யமாட்டீர்கள்.

முடிவாக ஒன்று. அந்தத் தங்கை தன் பெயரை மீண்டும் கொடுத்தாள். உடற்பயிற்சி ஆசிரியை அலைந்து திரிந்து அவளைப் பட்டியலில் சேர்த்தார். குறுவட்டப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் அவள் நான்காவதாக வந்தாள். பரிசு இல்லை. ஆனால் ஓட்டம் முடிந்து மூச்சிரைக்க எங்களிடம் வந்து, “அக்கா, கால் நல்லாத்தான் இருக்கு!” என்று சிரித்தாள். எங்கள் ஆய்வேட்டின் முதற் பக்கத்தில் அன்றைய தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம்.